முழங்கால் காயத்துக்குப் பிறகு ஆல்பைன் பனிச்சறுக்குப் பந்தயம்: முழுமையான வழிகாட்டி

ஆல்பைன் பனிச்சறுக்குப் பந்தயத்தில் அதிகம் அடிபடும் உறுப்பு முழங்கால். அதிலும் ஏசிஎல் எனப்படும் முன்சிலுவைத் தசைநார் கிழிந்தால் ஒரு சீசன் போய்விடும். இப்படிக் கிழிந்த பிறகு திரும்பி வந்து ஜெயித்தவர்கள் நிறைய. அமெரிக்க வீராங்கனை பிகாபோ ஸ்ட்ரீட் 1996 டிசம்பரில் முழங்கால் கிழிந்து, 1998 நகானோ ஒலிம்பிக்கில் சூப்பர்-ஜி எனும் வேகப் பந்தயத்தில் தங்கம் வாங்கினார். நார்வேயின் ஷெட்டில் யான்ஸ்ருட் 2013 பிப்ரவரியில் ஷ்லாட்மிங்கில் ஏசிஎல்லை இழந்தார். ஒரே வருடம் கழித்து சோச்சியில் சூப்பர்-ஜி தங்கம். ஆகவே திரும்ப முடியுமா என்பது கேள்வியே இல்லை. எந்த வரிசையில், எதை வைத்து முடிவெடுத்துத் திரும்புவது என்பதுதான் கேள்வி.

அதற்குள் போகும் முன் ஒரு விவரம். உலகக் கோப்பைப் பந்தய விபத்துகளின் வீடியோக்களை வரிசையாக ஆராய்ந்தபோது, முழங்கால் காயங்களில் 83 சதவீதம் வீரர் விழுவதற்கு முன்பே, இன்னும் சறுக்கிக்கொண்டிருக்கும்போதே நடந்திருப்பது தெரிந்தது. தலைக்கும் மேலுடம்புக்கும் படும் அடிதான் விழுந்த பிறகு வருவது. முழங்கால் போவது சமநிலை தவறி, "இன்னும் பிடித்துவிடலாம்" என்று போராடும் அந்த நொடியில். மீண்டுவரும் வீரர் கற்க வேண்டிய முக்கியமான திறமை எது என்பதை இந்த ஒரு தகவலே சொல்லிவிடுகிறது: கெட்டுப்போன ஓட்டத்தைப் பாதியில் விடத் தெரிவது. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான தயாரிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எது கிழிந்தது?

"முழங்கால் ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்த ஜவ்வு என்பதைப் பொறுத்துத் திட்டமே தலைகீழாக மாறும்.

உட்பக்கத் தசைநாரான எம்சிஎல் மட்டும் என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. பிரேஸ் போட்டு, வாரக் கணக்கில் ஆறவிட்டு, பலப்படுத்தினால் போதும். அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் 2015 டிசம்பரில் ஸ்வீடனின் ஓரே நகரில் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில் விழுந்து எம்சிஎல் கிழிந்தது. அறுவை இல்லாமலே இரண்டு மாதம் கழித்து, 2016 பிப்ரவரியில் க்ரான்ஸ்-மொன்டானாவில், குறுகிய திருப்பங்கள் நிறைந்த ஸ்லாலம் பந்தயத்தில் இறங்கினார், ஜெயிக்கவும் செய்தார். அந்த வேகத்தைப் பார்த்து ஏசிஎல் கிழிந்தவர் கணக்குப் போட்டால் ஆபத்து.

ஏசிஎல் முழுதாகக் கிழிந்து, மறுபடி பந்தயத்தில் இறங்கும் எண்ணமும் இருந்தால், வேறொரு தசைநாணை எடுத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சைதான் வழக்கமான வழி. முழங்கால் சில்லுக்குக் கீழிருக்கும் தசைநாண், பின்தொடைத் தசைநாண், முன்தொடைத் தசைநாண் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். எதை எடுக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எடுத்த இடமும் ஒரு காயம்தான். சில்லுக்குக் கீழே எடுத்திருந்தால் மண்டியிடும்போதும் ஆழமாகக் குந்தும்போதும் வலிக்கலாம், பின்தொடையில் எடுத்திருந்தால் கீழ்க்கால் எலும்பைப் பின்னால் இழுத்து ஏசிஎல்லுக்குத் துணைநிற்கும் தசையே கொஞ்ச காலம் பலவீனமாக இருக்கும்.

முழங்கால் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால் ஆரம்ப வாரங்கள் இன்னும் மெதுவாகப் போகும். எடை தாங்குவதற்கும் 90 டிகிரிக்கு மேல் மடக்குவதற்கும் கட்டுப்பாடு இருக்கும். இதில் அவசரப்பட வேண்டாம். தைத்துக் காப்பாற்றிய மெனிஸ்கஸ், நாற்பது வயதுக்குப் பிறகும் பனியில் நிற்க உதவும் முதலீடு.

கிழிந்த ஏசிஎல்லோடு, அறுவை இல்லாமலே பந்தயம் ஓட்டியவர்கள் உண்டா? உண்டு. இத்தாலிய வீராங்கனை சோஃபியா கோஜா 2022 ஜனவரி 23 அன்று கோர்ட்டினாவில் விழுந்து ஏசிஎல் பகுதியளவு கிழிந்தது, கீழ்க்காலின் மெல்லிய எலும்பில் சின்ன முறிவு வேறு. 23 நாளில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில், எல்லாவற்றிலும் வேகமான டவுன்ஹில் பந்தயத்தில் வெள்ளி வாங்கினார். பிரமிப்பான சாதனைதான். ஆனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் பந்தயம், சுற்றிலும் ஒரு மருத்துவக் குழு, பல வருடம் சேர்த்த தசை பலம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. கிளப் பந்தயத்துக்கோ வயதுப்பிரிவுப் பந்தயத்துக்கோ அந்தக் கணக்கு பொருந்தாது.

நாட்காட்டியைத் திறந்து கணக்குப் போடுங்கள்

பொருத்திய தசைநாண் முதல் நாளே தசைநாராகிவிடாது. ரத்த ஓட்டம் இல்லாத திசுவாக உள்ளே போகிறது. உடல் அதை மெல்ல மெல்லத் தன்னுடையதாக மாற்றி எடுக்கிறது. அப்படி மாறும் காலத்தில், ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் வரை, அது மிகவும் பலவீனமாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், வீக்கம் வடிந்து, வலி போய், "கால் நன்றாகத்தானே இருக்கிறது" என்று தோன்றுவதும் அதே சமயத்தில்தான். இந்தக் கட்டத்தில் உங்கள் உணர்வை நம்பாதீர்கள்.

எப்போது விளையாட்டுக்குத் திரும்பலாம் என்பதற்கு இன்று அதிகம் சொல்லப்படும் எல்லை 9 மாதம். டெலவேரிலும் ஆஸ்லோவிலும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், 9 மாதம் வரைக்கும் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வீதம் 51 சதவீதம் குறைந்திருந்தது. பனிச்சறுக்கில் விசை இன்னும் அதிகம் என்பதால், பந்தயத்துக்கு 9 மாதம் என்பதைக் கீழ் எல்லையாகவும், டவுன்ஹில், சூப்பர்-ஜி ஆகிய வேகப் பந்தயங்களுக்கு 12 மாதத்தை நியாயமான இலக்காகவும் எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

இதைப் பருவத்தோடு பொருத்திப் பாருங்கள். வட அரைக்கோளத்தில் ஜனவரியில் அறுவை நடந்தால் அக்டோபரில் 9 மாதம் முடியும். பனியாற்றுப் பயிற்சிக்குச் சரியாக வரும், டிசம்பரிலோ ஜனவரியிலோ முதல் பந்தயம் சாத்தியம். ஆகஸ்டில் அறுவை என்றால் அந்தக் குளிர்காலம் போயிற்று என்று இப்போதே எழுதிவிடுங்கள். சீசன் கடைசியில் ஏப்ரலில் ஒரு பந்தயம் கிடைக்குமே என்று ஆசைப்படுபவர்களைப் பார்க்கிறோம். வெயிலில் இளகி, பள்ளம் விழுந்த வசந்தகாலப் பனி திரும்பி வருகிறவருக்கு ஏற்ற தளமே இல்லை.

அமெரிக்க வீராங்கனை லிண்ட்சே வான் கதை இங்கே உதவும். 2013 பிப்ரவரியில் ஷ்லாட்மிங்கில் வலது முழங்காலின் ஏசிஎல், எம்சிஎல் இரண்டும் கிழிந்தன, எலும்பும் முறிந்தது. சோச்சி ஒலிம்பிக் ஒரு வருடத்தில் இருந்தது. நவம்பரில் பயிற்சியில் விழுந்து அதே ஏசிஎல் மறுபடி பகுதியளவு கிழிந்தது. டிசம்பரில் பந்தயம் ஓட்டினார். மாதக் கடைசியில் வால் தி'சேரில் முழங்கால் மறுபடி கைவிட்டது. சோச்சிக்குப் போகவில்லை. மறுபடி அறுவை, மறுபடி காத்திருப்பு. 2014 டிசம்பரில் லேக் லூயிஸில் திரும்பி வந்து டவுன்ஹில்லை ஜெயித்தார். இரண்டாவது முறை அவரைத் துரத்த ஒலிம்பிக் தேதி எதுவும் இல்லை.

ஜிம்மில் எதைப் பார்க்க வேண்டும்

இந்தப் பகுதியை உங்கள் பிசியோதெரபிஸ்ட்தான் நடத்துவார். பயிற்சி அட்டவணை எழுதுவது இங்கே நோக்கமில்லை. பந்தய வீரர் குறிப்பாகக் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு.

முதல் வாரங்களின் இலக்கு சாதாரணமானது, ஆனால் இதைத் தவறவிட்டால் பின்னால் எல்லாமே இடிக்கும்: கால் முழுமையாக நீள வேண்டும், வீக்கம் வடிய வேண்டும், முன்தொடைத் தசை மறுபடி விழித்துக்கொள்ள வேண்டும். முழங்காலுக்குள் நீர் இருக்கும்வரை மூளை அந்தத் தசையை அடக்கியே வைக்கும். எடை தூக்கித் தூக்கி இதை வெல்ல முடியாது.

அப்புறம், பனிச்சறுக்குத் திருப்பத்தில் தசை எப்படி வேலை செய்கிறது என்பதை மனதில் வையுங்கள். திருப்பத்தின் விசை உங்களை அமுக்குகிறது, தொடை அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டே மெதுவாக நீள்கிறது. குதித்து எழும் விளையாட்டுகளில் இருப்பதற்கு ஏறக்குறைய நேர்மாறு. ஆகவே மெதுவாகக் கீழிறங்கும் ஒற்றைக்கால் குந்துதல், கனமான எடையோடு மெதுவாக இறக்கும் பயிற்சிகள், பக்கவாட்டில் தள்ளி இறங்கிப் பிடிக்கும் பயிற்சிகள் உங்கள் திட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சைக்கிள் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தால் மூச்சுத்திறன் வரும், இந்தப் பலம் வராது.

அடுத்தது சோதனைகள். காயம்பட்ட காலின் முன்தொடை பலம் நல்ல காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பல மாதம் ஓய்வில் இருந்ததால் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டு 90 என்றால் அதற்கு அர்த்தம் குறைவு. காயத்துக்கு முன் எடுத்த அளவுகள் இருந்தால் அவற்றோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒற்றைக்கால் தாவல் சோதனைகளிலும் இதே மாதிரி ஏமாறலாம்: இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து முழங்காலின் குறையை மறைத்து, தூரத்தை எட்டிவிடும். தாவி இறங்குவதை முன்னாலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள். முழங்கால் உள்பக்கம் சரிகிறதா, உடம்பு நல்ல கால் பக்கம் ஒதுங்குகிறதா என்பதே முக்கியம், தூரம் அதற்குப் பிறகு.

பந்தய வீரருக்கென்றே நான் வலியுறுத்தும் சோதனை, பெட்டியின் மேல் பக்கவாட்டில் மாறி மாறித் தாவுவது. 60 அல்லது 90 விநாடி நிறுத்தாமல் செய்ய வேண்டும். ஒரு ஓட்டத்தின் நேரமும் ஏறக்குறைய அதுதான். எத்தனை தாவல் என்று எண்ணுவதைவிடக் கடைசி 20 விநாடியில் இறங்கும் விதத்தைக் கவனியுங்கள். மேலே சொன்ன அதே வீடியோ ஆய்வில், காயங்களில் 46 சதவீதம் தடத்தின் கடைசி நான்கில் ஒரு பகுதியில் நடந்திருந்தன. களைத்த பிறகு உங்கள் முழங்கால் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாமல் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கக் கூடாது.

மனத் தயார்நிலைக்கும் கேள்வித்தாள் உண்டு, பிசியோவிடம் கேளுங்கள். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் காலை நம்ப முடியவில்லை என்றால் அதுவும் ஒரு சோதனை முடிவுதான். பயத்தோடு ஸ்கீயில் நிற்பவர் பின்னால் சாய்வார். பின்னால் சாய்ந்த நிலைதான் ஏசிஎல்லுக்கு மோசமானது.

பூட், பைண்டிங், விளிம்பு, பிரேஸ்

பல மாதம் பூட்டுக்குள் போகாத கால், பழைய பூட்டில் பழையபடி உட்காராது. கெண்டைக்கால் இளைத்திருக்கும். பக்கிள்களை இரண்டு பல் கூடுதலாக இழுத்து இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம், ஆனால் பாதம் உள்ளே நகர்ந்துகொண்டிருக்கும், விளிம்புக் கட்டுப்பாடு தாமதமாகும். பூட் பொருத்துபவரிடம் போய் லைனரையும் பக்கச் சாய்வையும் புதிதாகச் சரிபாருங்கள். இன்னொன்று: குளிரில் விறைத்த பந்தய பூட்டிலிருந்து காலை உருவும்போது முழங்கால் எவ்வளவு முறுக்கப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முதல் சில மாதம் பூட்டைச் சூடாக்கித்தான் போட வேண்டும், கழற்ற வேண்டும். மலையில் ஒன்றும் ஆகாமல் உடைமாற்றும் அறையில் முழங்காலை வீங்கவைத்துக்கொள்வது வீண்.

பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் பற்றிப் பெரிய தவறான நம்பிக்கை ஒன்று உண்டு. வழக்கமான ஆல்பைன் பைண்டிங் கீழ்க்கால் எலும்பு முறியாமல் காக்க உருவானது: முன்பகுதி முறுக்கினால் விடும், குதிப்பகுதி முன்னால் விழுந்தால் விடும். ஏசிஎல் கிழியும் விதங்களில் பலவற்றை அது உணர்வதே இல்லை. எவ்வளவு விசையில் பைண்டிங் விட வேண்டும் என்பதைக் குறிக்கும் டின் எண்ணைக் குறைத்து வைத்தால் முழங்கால் பத்திரம் என்று நீங்களாக ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். வேகத்தில் தேவையில்லாமல் ஸ்கீ கழன்றால் அது வேறு வகை விபத்து. உங்கள் இப்போதைய எடை, பூட்டின் அடிநீளம் ஆகியவற்றை வைத்து, கருவியில் சோதித்துத் தரும் கடையில் அமைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கில் ஓய்வில் இருந்ததில் எடை மாறியிருக்கும், இதை யாரும் நினைப்பதில்லை.

ஸ்கீயின் அடியில் பனியைப் பிடிக்கும் உலோக விளிம்பைப் பற்றி: கத்தி மாதிரி தீட்டிய பந்தய ஸ்கீ சின்னத் தவறையும் மன்னிக்காது. முதல் வாரங்களில் முனையிலும் வாலிலும் விளிம்பைக் கொஞ்சம் மழுங்க வைத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான ஃபிஸ் விதிக்கும் 30 மீட்டர் ஆரம்கொண்ட ஜெயண்ட் ஸ்லாலம் ஸ்கீயில் உடனே ஏறவும் வேண்டாம். ஆரம் குறைந்த, இளக்கமான ஸ்கீயில் தொடங்குங்கள்.

கீல் வைத்த பிரேஸ்: ஏசிஎல் அறுவைக்குப் பிறகு பொதுவாக இதன் பலன் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பனிச்சறுக்கைப் பொறுத்தவரை பயன் இருப்பதாகக் காட்டும் ஆய்வு இருக்கிறது, நானும் முதல் சீசனுக்குப் போடச் சொல்லும் பக்கம்தான். பந்தய உடைக்குள் பொருந்துகிறதா, நடப்பு உபகரண விதி என்ன சொல்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். உலகக் கோப்பை வேகப் பந்தயங்களில் 2024-25 சீசனிலிருந்து ஏர்பேக் கட்டாயமாகியிருக்கிறது. நல்லது, ஆனால் அது காப்பது மேலுடம்பை. முழங்காலுக்கு அதனால் எதுவும் இல்லை.

பனியில் முதல் நாட்கள்

அறுவை நடந்த ஆறேழு மாதத்தில், மருத்துவர் அனுமதித்தால், சமமாகச் சீர்செய்த, கூட்டமில்லாத, சரிவு குறைந்த தளத்தில், கேட் எனப்படும் பந்தயக் கம்பங்கள் இல்லாமல் சறுக்கத் தொடங்கலாம். காலையில் மட்டும் போங்கள். பிற்பகலில் பனியும் இளகியிருக்கும், தொடையும் களைத்திருக்கும். போதாததற்கு மற்றவர்களும் களைத்திருப்பார்கள். உங்கள் மேல் வந்து மோதுபவருக்கு உங்கள் அறுவைத் தேதி தெரியாது.

முதல் நாள் முடிவை அன்றே எடுக்க வேண்டாம். மறுநாள் காலை எழுந்து முழங்காலைப் பாருங்கள். வீக்கம் இல்லை, முழுதாக நீட்ட முடிகிறது, வலி இல்லை என்றால் அடுத்த முறை கொஞ்சம் கூட்டலாம். லேசாக வீங்கியிருந்தால் வீக்கம் வடியும்வரை ஓய்வு, பிறகு அதே அளவைத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு நாள் ஆகியும் வீக்கம் வடியவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்கி பிசியோவிடம் பேச வேண்டும். ஒரு நாள் பனி, ஒரு நாள் ஓய்வு என்று சில வாரம் போகட்டும். ஓட்டங்களை எண்ணுவதைவிடத் திருப்பங்களை எண்ணுவது நல்ல கணக்கு. முழங்கால் சுமப்பது திருப்பத்தைத்தான்.

இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கத் திருப்பமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதே. பயிற்சியாளர் கீழே நின்று எடுக்கும் வீடியோவில் காயம்பட்ட கால் வெளிப்பக்கம் வரும் திருப்பம் குட்டையாக, அவசரமாக முடிகிறதா என்று பாருங்கள். பலருக்கு இப்படித்தான் ஆகும், அவர்களுக்கே தெரியாது. அது சரியாகும்வரை கேட்டுக்குள் போகாதீர்கள். கேட் வந்தால் கவனம் முழுக்கக் கேட்டில் போய்விடும், கோணல் அப்படியே பழகிவிடும்.

கேட் பயிற்சி: எந்த வரிசை

முதலில் பிரஷ் எனப்படும் குட்டையான தூரிகைக் குறி அல்லது குட்டைக் கம்பம். அடிபட வேண்டிய கம்பம் இல்லை, தாளம் மட்டும் பழகலாம். அதன் பிறகு ஸ்லாலமா ஜெயண்ட் ஸ்லாலமா என்பதில் பயிற்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. ஸ்லாலமில் வேகம் குறைவு, ஆனால் திருப்பம் அதிகம், கால் மாற்றம் சடார் சடாரென்று வரும். ஜெயண்ட் ஸ்லாலமில் திருப்பம் நீளம், விசை பெரியது, தவறினால் விலை அதிகம். என் தேர்வு: தட்டையான சரிவில், இடைவெளி அதிகம் விட்டு வைத்த ஜெயண்ட் ஸ்லாலம் முதலில், அடுத்து குட்டைக் கம்ப ஸ்லாலம், பிறகு இரண்டிலும் முழுக் கம்பம். தடத்தைப் பத்துப் பன்னிரண்டு கேட்டோடு நிறுத்திக்கொண்டு, நீளத்தை மெதுவாகக் கூட்டுங்கள்.

தாவல்களைக் கடைசிக்கு வையுங்கள். பின்னால் சாய்ந்து தரையிறங்கும்போது ஸ்கீயின் வால் முதலில் மோதி, விறைத்த பூட்டின் பின்பக்கம் கீழ்க்காலை முன்னால் தள்ளுகிறது. ஏசிஎல் தடுக்க வேண்டிய அசைவே அதுதான். சின்ன மேட்டில் தொடங்கி, முன்னால் நின்று இறங்குவது பழகிய பிறகே சூப்பர்-ஜி பக்கம் போக வேண்டும்.

நேரம் எடுக்காதீர்கள், குறைந்தது முதல் சில வாரங்களுக்கு. கடிகாரம் வந்ததும் வீரருக்குள் இருக்கும் பழைய ஆள் எழுந்துவிடுவார்.

எந்தப் பந்தயத்தில் இறங்குவது

இங்கே கொஞ்சம் விதிமுறை தெரிந்திருந்தால் முழங்காலுக்கே நல்லது.

நீங்கள், இறங்கும் வரிசையைத் தீர்மானிக்கும் ஃபிஸ் புள்ளிப் பட்டியலில் இருப்பவர் என்றால், காயத்தில் இருக்கும் காலத்தில் புள்ளிகளைப் பாதுகாக்கும் ஏற்பாடு உண்டு. மருத்துவச் சான்றோடு உங்கள் தேசியக் கூட்டமைப்பு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நிபந்தனைகளை நடப்பு விதிப்புத்தகத்தில் பாருங்கள், அடிக்கடி திருத்துவார்கள். இதைக் காயம்பட்ட வாரத்திலேயே யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள். அறுவைக் குழப்பத்தில் மறந்துவிட்டால் திரும்பி வரும்போது பின்வரிசை எண்தான் கிடைக்கும்.

பின்வரிசை எண் ஏன் இவ்வளவு முக்கியம்? முன்னால் போனவர்கள் ஒவ்வொரு கேட்டிலும் பள்ளம் தோண்டி வைத்திருப்பார்கள். இருபதாவது ஆளுக்கும் அறுபதாவது ஆளுக்கும் ஒரே தடம் கிடையாது. பள்ளத்தில் ஸ்கீ நழுவி, சுவரில் மோதிச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். மீண்டுவரும் முழங்கால் கடைசியாக விரும்பும் விஷயம் அது. ஆகவே முதல் பந்தயத்துக்குப் பெயர் பெற்ற போட்டியைத் தேடாதீர்கள். பங்கேற்பாளர் குறைவாக, சரிவு மிதமாக, பனி கெட்டியாக, உங்கள் எண் முன்னால் வரும்படியாக ஒரு சின்னப் பந்தயம் போதும். தண்ணீர் செலுத்தி உறையவைத்த கடினமான தளம் பயமுறுத்தும், ஆனால் கடைசிவரை ஒரே மாதிரி இருக்கும்.

ஒரு சின்ன வேடிக்கை: ஸ்லாலமிலும் ஜெயண்ட் ஸ்லாலமிலும் இரண்டாவது ஓட்டத்துக்குத் தடத்தைப் புதிதாக வைப்பார்கள், முதல் ஓட்டத்தில் முதல் 30 இடத்துக்குள் வந்தவர்கள் தலைகீழ் வரிசையில் இறங்குவார்கள். முழங்காலின் கண்ணோட்டத்தில் 30-ஆவது இடம்தான் தங்கம்.

சூப்பர்-ஜியா டவுன்ஹில்லா என்று வந்தால், டவுன்ஹில் வேகம் அதிகம் என்பதால் அதைத்தான் கடைசியில் வைப்பார்கள். நான் அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன். டவுன்ஹில்லில் பந்தயத்துக்கு முன் அதிகாரபூர்வப் பயிற்சி ஓட்டம் கட்டாயம். தாவல்கள் எங்கே, எந்த வளைவு ஏமாற்றும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். சூப்பர்-ஜியில் பார்வையிட மட்டுமே அனுமதி, ஓட்டிப் பார்க்க முடியாது. கண்ணால் பார்த்ததை வைத்து முதல் முறையே முழு வேகத்தில் இறங்க வேண்டும். பயிற்சி ஓட்டத்தை நிதானமாகப் போக உங்களால் முடியும் என்றால் டவுன்ஹில் முதலில் வரலாம்.

பந்தய நாள்

பார்வையிடும் நேரம் சுலபமானது என்று நினைப்போம். கெட்டிப் பனியில் அரை மணிக்கும் மேலாகப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே இறங்குவது, சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் காலுக்குத் தொடர்ச்சியான பாரம். பக்கத்தை மாற்றி மாற்றி நில்லுங்கள், அவ்வப்போது எடையைத் தளர்த்துங்கள். இந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு கூடுதல் வேலையும் இருக்கிறது: எந்தெந்த இடத்தில் தடத்தைவிட்டு வெளியேறலாம் என்று குறித்துக்கொள்வது. வெளியேற இடம் உள்ள பக்கம் எது, வலை நெருங்கி இருக்கும் பக்கம் எது, கடைசிக் கால் பகுதி தொடங்கும் கேட் எது. மற்றவர்கள் வேகமான கோட்டைத் தேடும்போது நீங்கள் இதையும் தேடுங்கள்.

ஸ்டார்ட்டில் குளிரில் காத்திருப்பது நீண்டுபோகும். உங்களுக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போது உடம்பைச் சூடாக்கத் தொடங்கி, கேட்டுக்குள் போகும்வரை விடாதீர்கள். ஒற்றைக்கால் குந்துதல், பக்கவாட்டுத் தாவல், தொடையை இறுக்கிப் பிடித்தல். யாராவது விழுந்து பந்தயம் நின்றால் மறுபடி முதலிலிருந்து.

வலி மாத்திரை போட்டுத்தான் ஸ்டார்ட்டில் நிற்க முடியும் என்றால் அன்று இறங்க வேண்டாம். வலிதான் உங்களுக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை மணி. ஊக்கமருந்து விதியும் இதில் நுழைகிறது: 2022 ஜனவரி 1 முதல் வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டான குளுக்கோகார்ட்டிகாய்டின் எல்லா வகை ஊசிகளும், மூட்டுக்குள் போடுவது உட்பட, போட்டிக் காலத்தில் தடை, வலி மருந்தான டிராமடாலுக்கு 2024 முதல் தடை. போட்டிக் காலம் என்பது பந்தயத்துக்கு முந்தைய இரவு 11:59-க்கே தொடங்குகிறது, ஊசி மருந்து உடம்பில் அதற்குப் பிறகும் தங்கியிருக்கலாம். சிகிச்சை தரும் எல்லா மருத்துவரிடமும் நீங்கள் பந்தய வீரர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாதியில் விலகுவது எப்படி

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயம். உலகக் கோப்பையில் ஏசிஎல் கிழியும் முக்கிய வழி இது: திருப்பத்தில் வெளிப்பக்க ஸ்கீ பிடி நழுவுகிறது. வீரர் உள்பக்கம் சாய்ந்து போகிறார். இழந்த பிடியைத் தேடி வெளிப்பக்கக் காலை நீட்டுகிறார். ஸ்கீயின் உள் விளிம்பு திடீரென்று பனியைக் கவ்வுகிறது, முழங்கால் சடாரென்று மடங்கி உள்பக்கம் முறுக்கப்படுகிறது. அவ்வளவுதான், கண்ணிமைக்கும் நேரம். இன்னொரு வழி, பின்னால் சாய்ந்து இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய், எடை முழுக்கக் கீழ்ப்பக்க ஸ்கீயின் வாலுக்குப் போய்விடும் நிலை. அங்கிருந்து எழ முயலும்போது ஸ்கீயின் வால் நெம்புகோலாக வேலை செய்து காலை முறுக்கும்.

இரண்டிலும் ஒரு பொது அம்சம்: வீரர் ஓட்டத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார். எந்த நல்ல வீரருக்கும் அது ரத்தத்தில் ஊறியது. ஆகவே மேலே நின்று "தேவைப்பட்டால் விட்டுவிடுவேன்" என்று முடிவெடுத்தால் மட்டும் போதாது; கை கால் கேட்காது. பயிற்சியில் பழக்க வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் முறை எளிது. கேட் பயிற்சியின்போது கீழே நிற்கும் பயிற்சியாளர் எதிர்பாராத கேட்டில் விசில் அடிக்கட்டும். விசில் கேட்டதும் இரண்டு காலிலும் எடையைப் பகிர்ந்து, கைகளை முன்னால் வைத்து, விளிம்புகளைத் தட்டையாக்கித் தடத்தைவிட்டு நேராக வெளியேறி, அகன்ற வளைவில் நிற்க வேண்டும். இதைச் சலிக்கும்வரை செய்யுங்கள். அடுத்த கட்டத்தில் விசில் வேண்டாம். நீங்களே மூன்று அடையாளங்களை வைத்துக்கொள்ளுங்கள்: இடுப்பு பனிக்கு மிக அருகில் போனது, கை பின்னால் போனது, அடுத்த கேட்டுக்குத் தாமதமாகி வெளிப்பக்கக் காலை எட்டி நீட்ட வேண்டியிருக்கிறது. மூன்றில் ஒன்று வந்தால் வெளியே. யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்காது, அதனால்தான் அடையாளத்தை முன்கூட்டியே வைக்கிறோம்.

விழுவது உறுதியாகிவிட்டால் விழுந்துவிடுங்கள். கால்களைச் சேர்த்து, முழங்கால்களை மடக்கியே வைத்து, கைகளை முன்னால் கொண்டுவந்து, பக்கவாட்டில் உட்கார்ந்தபடி வழுக்கிப் போங்கள். காலை நீட்டிப் பிரேக் போடப் பார்க்காதீர்கள். முழுதாக நிற்கும்வரை எழ முயலாதீர்கள்.

பாதியில் விலகினால் என்ன இழப்பு என்று கணக்குப் பார்த்துவிடுவோம். ஃபிஸ் புள்ளி, ஒவ்வொரு பிரிவிலும் உங்கள் சிறந்த இரண்டு முடிவுகளின் சராசரி. முடிக்காத பந்தயம் அந்தச் சராசரியில் சேராது, அதைக் கெடுக்கவும் செய்யாது. ஐந்து பந்தயத்தில் மூன்றைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டை நன்றாக முடித்தால் பட்டியல் அந்த இரண்டை மட்டுமே பார்க்கும். அணித் தேர்வாளரிடமும் பெற்றோரிடமும் இந்தக் கணக்கை முன்பே விளக்கிவிடுங்கள். "ஏன் விட்டுட்டே?" என்ற ஒரு கேள்வி, பல மாதப் பழக்கத்தை ஒரே நாளில் கெடுத்துவிடும்.

பந்தயத்துக்குப் பிறகு

அன்று மாலை குளிர் ஒத்தடம், காலை உயர்த்தி வைத்தல், லேசாகச் சைக்கிள். மறுநாள் காலை அதே பழைய சோதனை: வீக்கம், நீட்டல், வலி. பந்தய நாளில் பரபரப்பில் எதுவும் தெரியாது, அதனால் மறுநாள் காலைக்கே மதிப்பு அதிகம். அடுத்தடுத்த நாட்களில் இரண்டு பந்தயம் இருந்தால் முதல் சீசனில் ஒன்றில் மட்டும் இறங்குங்கள். இரண்டாவது நாளின் களைத்த தொடையோடு வரும் ஓட்டத்தில் லாபம் குறைவு.

சீசன் முழுக்க ஜிம்மைத் தொடருங்கள். பயணமும் பந்தயமுமாக ஓடும் மாதங்களில் முன்தொடை பலம் மெல்லக் குறையும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், 90-க்குக் கீழே போனால் பந்தயத்தைவிட்டு இரண்டு வாரம் வெளியே நில்லுங்கள். அளக்கும்போது நல்ல காலையும் மறக்க வேண்டாம். ஏசிஎல் அறுவைக்குப் பிறகு அடுத்த காயம் மறுபக்க முழங்காலில் வருவதும் சாதாரணம், இவ்வளவு நாளும் கூடுதல் சுமையைத் தாங்கியது அதுதானே. பிரேஸைக் கழற்றுவதா என்ற பேச்சை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.